தீயணைப்பு வண்டி எத்தனை நிமிடத்தில் வரும்? வளரும் நகரத்துக்கு நிலையங்களைத் திட்டமிடும் முறை

சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அம்பத்தூர், ஆலந்தூர், மாதவரம், மணலி, பெருங்குடி, சோழிங்கநல்லூர் எல்லாம் நகரத்துக்குள் வந்தன. வார்டு எண் மாறியது, வரி ரசீது மாறியது. ஆனால் சோழிங்கநல்லூரில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வண்டி எங்கிருந்து கிளம்பும், எந்த வழியாக வரும், எத்தனை நிமிடமாகும் என்பதெல்லாம் எல்லைக்கோட்டை மாற்றியதால் மாறிவிடாது. அதைத் தனியாக உட்கார்ந்து திட்டமிட வேண்டும்.

அந்த வேலையை எங்கே தொடங்கி எப்படிக் கொண்டுபோவது என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை. நகரமைப்பு படிக்கும் மாணவர்கள், உள்ளாட்சியில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள், கவுன்சிலர்கள், தங்கள் பகுதிக்கு நிலையம் கேட்டு மனு எழுதும் குடியிருப்போர் சங்கத்தினர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையின் தெற்கே போகும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்தவை. இந்த வேலையில் வரும் சிக்கல்கள் அத்தனையும் அந்த ஒரு சாலையிலேயே இருக்கின்றன.

முதலில் யாரிடம் பேச வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மும்பையில் தீயணைப்புப் படையை மாநகராட்சியே நடத்துகிறது. தமிழ்நாட்டில் அது மாநில அரசின் உள்துறையின் கீழ் இயங்கும் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. நிலையம் அமைப்பதும் ஆள் போடுவதும் அந்தத் துறை. சாலை மாநகராட்சியிடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ இருக்கும். காலி நிலம் பெரும்பாலும் வருவாய்த் துறையிடம். கட்டட அனுமதி விவரம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடம். நல்ல திட்டம் பாதியில் நிற்பது பல நேரம் இந்த நான்கு மேசைகளுக்கு நடுவில்தான். ஆகவே முதல் வாரத்திலேயே நான்கு இடத்திலும் ஒவ்வொருவரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நிமிடத்தை எண்ணுகிறோம்?

“எங்கள் வண்டி ஏழு நிமிடத்தில் போய்விடும்” என்று யாராவது சொன்னால் உடனே கேட்க வேண்டிய கேள்வி: எப்போதிலிருந்து எப்போது வரை?

கற்பனையாக ஓர் அழைப்பை எடுத்துக்கொள்வோம். பிற்பகல் 2:02:10க்குக் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கிறது. பேசுபவர் பதற்றத்தில் இருக்கிறார், முகவரி சொல்வதற்குள் தடுமாறுகிறார். விவரத்தை எழுதி, எந்த நிலையம் என்று முடிவுசெய்து தகவல் சொல்லும்போது 2:03:40. வீரர்கள் உடையணிந்து வண்டியேறி கேட்டைத் தாண்டுவது 2:05:10. தெருமுனையை அடைவது 2:12:40. உள்ளே நுழைய வழி பார்த்து, ஹோஸ் இழுத்து, முதல் தண்ணீர் தீயில் விழுவது 2:15:40.

இதில் பயணம் மட்டும் ஏழரை நிமிடம். பதிவேட்டில் ஏறுவது பல நேரம் அந்த எண்தான். தீ எரிகிற வீட்டுக்காரருக்கு ஆனதோ பதின்மூன்றரை நிமிடம். நீங்கள் திட்டமிட வேண்டியது அவருடைய கடிகாரத்தை வைத்துத்தான்.

எனவே நேரத்தை நான்கு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: அழைப்பைக் கையாளும் நேரம், கிளம்பும் நேரம், பயண நேரம், இறங்கி வேலை தொடங்கும் நேரம். ஒவ்வொன்றையும் குறைக்கும் வழி வேறு. பயணத்தைக் குறைக்க நிலையம் கட்ட வேண்டும், அதற்குக் கோடிகள் வேண்டும். அழைப்பு நேரத்தைக் குறைக்க நல்ல முகவரிப் பட்டியலும் பயிற்சி பெற்ற ஆளும் போதும். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். கேட்பவர் எந்த எண் என்று கேட்கத் தவறினால் வண்டி அதே தெருவின் மறுகோடியில் போய் நிற்கும். “பிள்ளையார் கோவில் பக்கத்துச் சந்து” என்றால், அந்தப் பகுதியில் பிள்ளையார் கோவில் எத்தனை? இந்த மாதிரி அடையாளங்களை வரைபடத்தில் ஏற்றிக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொடுப்பது மாணவர்கள் ஒரு விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை. ஒரு நிமிடம் மிச்சமானாலும் அது ஊர் முழுவதற்கும் மிச்சம்.

நிமிடங்களில் இவ்வளவு கறாராக ஏன் இருக்க வேண்டும்? பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் யூஎல் ஆய்வகம் வரவேற்பறைகளை அமைத்துக் கொளுத்திப் பார்த்தது. பழைய காலத்துச் சாமான்கள் வைத்த அறை முழுக்கப் பற்றிக்கொள்ள 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. இன்றைய ஃபோம் சோபாவும் செயற்கை இழைத் திரைச்சீலையும் வைத்த அறை 5 நிமிடத்துக்குள் முழுவதும் பற்றியது. அறை முழுக்கப் பற்றிய பிறகு உள்ளே இருப்பவர் பிழைப்பது அரிது. வீரர்களுக்கும் அதன் பிறகு மிஞ்சுவது தீ அடுத்த வீட்டுக்குப் போகாமல் தடுக்கும் வேலைதான்.

இலக்கைக் குறித்தல்

இந்தியாவில் தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த வழக்கமான அளவுகோல் இது: நகர்ப்புறத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், 5 முதல் 7 நிமிடத்தில் முதல் வண்டி. கிராமப்புறத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று, 20 நிமிடம். அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வகுத்த என்.எஃப்.பி.ஏ. 1710 தரநிலை இன்னும் பிரித்துச் சொல்கிறது: தகவல் கிடைத்து 80 விநாடிக்குள் வண்டி கிளம்ப வேண்டும், அடுத்த 4 நிமிடத்தில் முதல் வண்டி போய்ச் சேர வேண்டும், 100 அழைப்பில் 90க்காவது இது நடக்க வேண்டும்.

இந்த “100க்கு 90” என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். பத்து அழைப்புகளுக்கு ஆன நிமிடங்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்: 4, 4, 5, 5, 5, 6, 6, 6, 9, 20. சராசரி 7. இலக்கும் 7 நிமிடம் என்றால் அறிக்கையில் “இலக்கு எட்டப்பட்டது” என்று எழுதிவிடலாம். அந்த 20 நிமிடம் காத்திருந்த குடும்பம் சராசரிக்குள் காணாமல் போய்விடும். வளரும் நகரத்தில் அந்த 20 எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும். புதிதாகச் சேர்ந்த ஓரப் பகுதிகள், இன்னும் தார் போடாத லேஅவுட்டுகள், மறுகுடியமர்வுக் குடியிருப்புகள். நீங்கள் தயாரிக்கும் எந்த அறிக்கையிலும் சராசரியோடு கூட, பத்தில் ஒன்பது அழைப்புகள் எத்தனை நிமிடத்துக்குள் முடிந்தன என்பதையும், மிக அதிக நேரம் காத்திருந்த வார்டு எது என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். இந்த வேலையில் நான் பிடிவாதமாக நிற்பது இந்த ஒன்றில்தான்.

பதிவேடுகளைத் திரட்டுதல்

குறைந்தது மூன்று வருட அழைப்புப் பதிவுகள் வேண்டும். தேதி, நேரம், இடம், என்ன வகை, எந்த நிலையத்திலிருந்து எத்தனை வண்டி, எப்போது திரும்பியது. கையால் எழுதிய பதிவேடு என்றால் நேரங்கள் 10:05, 10:10, 10:15 என்று ஐந்து ஐந்தாகத்தான் விழுந்திருக்கும். அதை வைத்து நிமிடக் கணக்குப் போட முடியாது. எந்தப் பகுதியில் எத்தனை அழைப்பு என்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்திக்கொண்டு, நேரத்துக்கு வண்டியின் ஜி.பி.எஸ். பதிவைத் தேடுங்கள்.

தீ அழைப்பையும் மீட்பு அழைப்பையும் பிரித்து வையுங்கள். கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, மழையில் சாய்ந்த மரம் எல்லாமே இந்தத் துறைக்கு வரும் வேலைதான். பாம்புக்கு 4 நிமிடத்தில் போக வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் போன வண்டி அந்த நேரத்தில் நிலையத்தில் இல்லை என்பது பின்னால் பெரிய கணக்காக வரும்.

அழைப்புப் பதிவை மட்டும் நம்பித் தேவையைக் கணிக்கவும் கூடாது. அது நேற்றைய நகரத்தைத்தான் காட்டும். கேளம்பாக்கம் பக்கம் இப்போது எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகளிலிருந்து இதுவரை ஓர் அழைப்பும் வந்திருக்காது, ஆளே குடிவரவில்லையே. அதனால் கட்டட அனுமதிகள், புதிய மின் இணைப்புகள், வரப்போகும் பேருந்து நிலையம், மெட்ரோ தடம் ஆகியவற்றைச் சேர்த்து, ஐந்து வருடம் கழித்து எங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஒரு கணிப்பு வரைபடம் போடுங்கள். ஊரை 500 மீட்டர் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டால் கையாள வசதி.

அடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆபத்தின் அளவு. குடிசைத் தொகுதி, ரசாயனக் கிடங்கு, காஸ் சிலிண்டர் குடோன், ஜவுளிக்கடைத் தெரு, உயரக் கட்டடங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தானாக எழுந்து ஓட முடியாதவர்கள் இருக்கும் இடங்கள்: மருத்துவமனை, முதியோர் இல்லம், மழலையர் பள்ளி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்தது கூரை வேய்ந்த பள்ளியில். அந்த மாதிரிக் கட்டடத்தை ஆய்வுசெய்து மூடுவதுதான் உயிர் காக்கும், வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் போதாது. எங்கே நிலையம் தேவை, எங்கே ஆய்வாளர் தேவை என்று பிரித்துப் பார்க்கவும் இந்த வரைபடம் உதவும்.

சாலையில் இறங்கிப் பார்த்தல்

புதியவர்கள் எல்லாரும் முதலில் செய்வது, நிலையத்தைச் சுற்றிக் காம்பஸால் ஒரு வட்டம் போடுவது. ஓ.எம்.ஆரில் இதைச் செய்து பார்த்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது. கிழக்கே அதற்கு இணையாக பக்கிங்காம் கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை), அதற்கப்பால் கடல். கால்வாயைக் கனரக வண்டி தாண்டும் பாலங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சோழிங்கநல்லூரிலிருந்து அக்கரைக்குப் போகும் கலைஞர் கருணாநிதி சாலை ஒன்று, தெற்கே கேளம்பாக்கம்–கோவளம் சாலை இன்னொன்று. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஈஞ்சம்பாக்கத்தில் புகை தெரிகிறது, ஓ.எம்.ஆரிலிருந்து பார்த்தால் கிட்டத்தில்தான். ஆனால் வண்டி பாலம் வரை போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அதைத் தாண்டத் துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை, சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் சாலை என்று சில வழிகள்தான். நீங்கள் போட்ட வட்டத்தில் பாதி தண்ணீரிலும் சதுப்பிலும் கிடக்கும். அந்த நிலையம் உண்மையில் காப்பது சாலையை ஒட்டிய ஒரு நீண்ட மெல்லிய பட்டையை. அங்கே 10 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கு எதையும் சொல்லாது.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். ஆறு வழிச்சாலையின் நடுவே தடுப்புச் சுவர் இருக்கிறது. நிலையத்துக்கு நேரெதிரே இருக்கும் அலுவலகக் கட்டடத்தில் தீ என்றாலும், வண்டி இடப்பக்கம் திரும்பி அடுத்த யூ-டர்ன் வரை போய் வளைந்து வர வேண்டும். மெட்ரோ பணிக்காகத் தடம் குறுகியிருக்கும்போது யூ-டர்ன் இடம் மாதத்துக்கு மாதம் மாறும். நிலையத்து வாசலுக்கு எதிரே தடுப்பில் ஒரு திறப்பும், அவசரத்துக்குத் திறக்கும் கேட்டும் இருந்தால் இந்த நிமிடங்கள் அப்படியே மிஞ்சும். செலவு மிகக் குறைவு.

இப்படி ஊர் முழுக்கத் தடைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரயில்வே கேட், மழைக்கு மூழ்கும் சுரங்கப்பாதை (கணேசபுரம் சுரங்கப்பாதையை வட சென்னைக்காரர்கள் நன்றாக அறிவார்கள்), உயரத் தடுப்புக் கம்பி வைத்த பாலம், வாரச்சந்தை கூடும் தெரு, தாழத் தொங்கும் கேபிள், இரண்டு பக்கமும் கார் நிறுத்திவிட்டால் லாரி நுழையாத தெரு. உயரக் கட்டடங்களைச் சுற்றி 6 மீட்டர் அகலத்துக்கு, 45 டன் தாங்கும் வழி வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. உங்கள் வரைபடத்தில் இருக்கும் தெருக்களில் எத்தனை 6 மீட்டர் தேறும் என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள்.

வேகத்துக்கு, அந்தந்த நிலையத்து ஓட்டுநரோடு உட்கார்ந்து பேசுவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. எந்தச் சந்திப்பில் காலை 9 மணிக்கு நிற்க வேண்டியிருக்கும், எந்தப் பள்ளி விடும் நேரத்தில் எந்தத் தெரு அடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிறகு காலை நெரிசல், மதியம், மாலை, நள்ளிரவு என்று நான்கு வேளைக்கும், ஒரு மழை நாளுக்கும் தனித்தனி வேகம் எடுங்கள். கைபேசி வரைபடம் காட்டும் நேரம் காருக்கானது. தண்ணீர் நிரம்பிய லாரி வேகத்தடையில் ஏறி இறங்கும் விதமே வேறு.

வேகம் குறைந்தால் என்ன இழப்பு என்பதற்கு ஓர் எளிய கணக்கு. தெருக்கள் கட்டம் கட்டமாக ஓடும் பகுதியில், 30 கி.மீ. வேகத்தில் 5 நிமிடத்துக்கு 2.5 கி.மீ. போகலாம். அந்தச் சாலைத் தொலைவுக்குள் அடங்கும் பரப்பு (வட்டமாக இல்லாமல் சாய்ந்த சதுரமாக இருக்கும்) சுமார் 12.5 சதுர கிலோமீட்டர். வேகம் 20 கி.மீ. ஆகக் குறைந்தால் தொலைவு 1.67 கி.மீ., பரப்பு சுமார் 5.5 சதுர கிலோமீட்டர். வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு போனால் காப்பெல்லையில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. புதிதாக வீடே கட்டாவிட்டாலும், நெரிசல் கூடினாலே ஒரு நகரம் தன் தீயணைப்பு நிலையங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டுதான் இருக்கும்.

வரைபடம் போட்டு, இடம் தேர்ந்தெடுத்தல்

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தின் சாலைத் தரவும் இலவசம். அளந்த வேகங்களையும் தடைகளையும் சாலைகளில் ஏற்றி, ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் 3, 5, 7, 10 நிமிடத்தில் எட்டக்கூடிய எல்லைகளை வரையுங்கள். நெரிசல் நேரத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று தனித்தனியாக. நிறம் படாத இடங்கள்தான் உங்கள் வேலைப்பட்டியல்.

இங்கே எளிமையான ஒரு விதியைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பீட்டர் கோலெசரும் எட்வர்ட் பிளமும் 1973இல் வெளியிட்டது: வண்டி போக வேண்டிய சராசரித் தொலைவு, பரப்பை நிலையங்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டியிருக்கும். நிலையங்களை இரட்டிப்பாக்கினால் தொலைவு பாதியாகாது, சுமார் 30 சதவீதம்தான் குறையும். பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு நிலையம் வேண்டும். “இன்னும் பத்து நிலையம் கட்டினால் சரியாகிவிடும்” என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள். கூடவே, எத்தனை கட்டுகிறோம் என்பதைவிட எங்கே கட்டுகிறோம் என்பது ஏன் முக்கியம் என்பதும் அவர்களுக்குப் புரியும்.

எங்கே என்பதற்கு இரண்டு பழைய முறைகள் இன்றும் பயன்படுகின்றன. ஒன்று 1971இல் டோரெகாஸ், ரெவெல் குழுவினர் கொடுத்தது: எல்லாப் பகுதிகளையும் குறித்த நிமிடத்துக்குள் எட்ட, குறைந்தபட்சம் எத்தனை நிலையம் வேண்டும்? மற்றது 1974இல் சர்ச்சும் ரெவெலும் கொடுத்தது: இத்தனை நிலையத்துக்குத்தான் பணம் என்றால், அதிகம் பேரை எட்ட அவற்றை எங்கே வைப்பது?

சிறு உதாரணம். ஐந்து பகுதிகள், அவற்றில் இருப்போர் ஆயிரக்கணக்கில் 30, 10, 25, 20, 35. நிலம் கிடைக்கக்கூடிய இடங்கள் மூன்று. முதல் இடத்திலிருந்து முதல் மூன்று பகுதிகளை 5 நிமிடத்தில் எட்டலாம். இரண்டாவது இடத்திலிருந்து மூன்றாம், நான்காம் பகுதிகள். மூன்றாவது இடத்திலிருந்து நான்காம், ஐந்தாம் பகுதிகள். எல்லாரையும் எட்ட வேண்டுமானால் முதல் இடமும் மூன்றாவது இடமும் போதும், நடுவில் இருக்கும் இரண்டாவது தேவையே இல்லை. ஒன்றுக்குத்தான் பணம் என்றால் முதல் இடம், 65 ஆயிரம் பேர். ஐந்து பகுதிக்குக் காகிதத்தில் போட்டுவிடலாம், ஐந்நூறு கட்டத்துக்குக் கணினி வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஸ்பாப்ட் என்ற தொகுப்பு இரண்டு முறைகளையும் செய்து தருகிறது.

இரண்டாவது முறையில் ஓர் ஆபத்து உண்டு. ஆள் குறைவாக இருக்கும் ஓரப்பகுதியை அது ஒவ்வொரு முறையும் கழித்துவிடும். அடுத்த வருடப் பட்ஜெட்டிலும் அதே பகுதிதான் கழியும். ஆகவே “எந்தப் பகுதியும் 12 நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது” என்பது போன்ற ஒரு கட்டாய நிபந்தனையை முதலிலேயே சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகு அதிகம் பேரை எட்டும் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

கணக்கை மட்டும் நம்பி இறங்கியதற்கு நியூயார்க் பெரிய பாடம். ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தினரின் கணக்கு மாதிரிகளைத் துணையாகக் கொண்டு, 1972 முதல் அந்த நகரம் பல தீயணைப்புப் பிரிவுகளை மூடியது. அவற்றில் பல தெற்கு பிராங்க்ஸ் போன்ற, ஏழைகள் நெருக்கமாக வாழ்ந்த, தீ அடிக்கடி பிடித்த பகுதிகளில் இருந்தன. அங்கே நிலையங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால், ஒன்றை மூடினால் பயண நேரம் கொஞ்சம்தான் கூடும் என்றது கணக்கு. அந்த வண்டிகள் நிலையத்தில் நிற்க நேரமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்ததற்கு உரிய இடம் அந்தக் கணக்கில் கிடைக்கவில்லை என்பது பின்னாளில் எழுந்த முக்கியமான விமர்சனம். அந்தப் பத்தாண்டில் தெற்கு பிராங்க்ஸில் தெருத்தெருவாகக் கட்டடங்கள் எரிந்தழிந்தன. காரணங்கள் பல இருந்தாலும், வண்டி தேவைப்பட்ட இடத்திலேயே வண்டி குறைக்கப்பட்டது என்பது மறுக்க முடியாதது.

வண்டி வெளியே போயிருந்தால்?

நியூயார்க்கில் விடுபட்ட இந்தக் கணக்கை நாம் தவறவிடக் கூடாது. ஒரே வண்டி வைத்திருக்கும் நிலையத்துக்கு நாளுக்குச் சராசரியாக 3 அழைப்பு, ஒவ்வொன்றுக்கும் போய்த் திரும்ப 80 நிமிடம் என்றால் 4 மணி நேரம். நாளில் ஆறில் ஒரு பங்கு நேரம் வரைபடத்தில் அந்த நிலையமே இல்லை என்று பொருள். அந்த நேரத்தில் வரும் அழைப்புக்கு அடுத்த நிலையத்திலிருந்துதான் வண்டி வரும். எனவே ஒவ்வொரு கட்டத்துக்கும் முதல் வண்டியின் நேரத்தோடு இரண்டாவது வண்டியின் நேரத்தையும் எழுதுங்கள். முதல் வண்டி 5 நிமிடம், இரண்டாவது 25 நிமிடம் என்று வரும் பகுதிகளைச் சிவப்பில் குறியுங்கள்.

இரண்டாவது வண்டி தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தண்ணீர். 4,500 லிட்டர் தொட்டியில், நிமிடத்துக்கு 450 லிட்டர் போகும் குழாய்கள் இரண்டைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் காலி. அந்தப் பகுதியில் ஹைட்ரன்டோ (தீயணைப்புக்குத் தண்ணீர் எடுக்கும் தெருக்குழாய்), தண்ணீர் நிரப்பும் இடமோ, அடுக்குமாடியின் சம்ப்போ எங்கே என்பதும் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

பெரிய தீ வந்தால் கணக்கு மொத்தமும் தலைகீழாகும். 2017 மே 31 அன்று தி.நகரில் சென்னை சில்க்ஸ் கட்டடம் பற்றியபோது மறுநாள் வரை எரிந்தது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் புகைந்தது. இப்படிப் பல நிலையங்களின் வண்டிகள் ஒரே இடத்தில் முடங்கும்போது, காலியான நிலையங்களுக்கு எங்கிருந்து வண்டி நகர்த்தி வைப்பது என்ற பட்டியல் கையில் தயாராக இருக்க வேண்டும். தீபாவளி இரவுக்கு முன்கூட்டியே வண்டிகளைப் பல முனைகளில் நிறுத்தி வைக்கிறார்களே, அதே ஏற்பாட்டை எந்த நாளுக்கும் எழுதி வைப்பதுதான் இது.

நிலம்

வரைபடம் ஒரு புள்ளியைக் காட்டும். அங்கே நிலம் இருக்காது. இருந்தாலும் ஏரியை ஒட்டிய பள்ளத்தில் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில், மழையில் மூழ்கும் இடத்தில் மீட்பு நிலையம் கட்டக் கூடாது. பார்க்க வேண்டியவை இவை: சிக்னலை ஒட்டி இருக்கக் கூடாது, சிவப்பு விழுந்தால் நிற்கும் வண்டிகள் வாசலை அடைத்துவிடும். சிக்னலிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு திசையிலும் வெளியேற வழி இருப்பது நல்லது. முடிந்தால் இரண்டு சாலைகளைத் தொட வேண்டும். பயிற்சிக்கு இடம், தண்ணீர்த் தொட்டி, வீரர்களின் குடும்பத்துக்குக் குடியிருப்பு ஆகியவற்றையும் சேர்த்து நிலம் கேளுங்கள். வீரர் தூரத்தில் குடியிருந்தால் பெரிய அழைப்பின்போது கூடுதல் ஆள் திரட்ட முடியாது.

நிலத்தை ஊர் வளர்வதற்கு முன்பே ஒதுக்கிவிட வேண்டும். விலை ஏறிய பிறகு யாராலும் முடியாது. பெரிய லேஅவுட்டுக்கோ தொழிற்பூங்காவுக்கோ அனுமதி கொடுக்கும் கட்டத்திலேயே நிலையத்துக்கான மனையை வரைபடத்தில் குறிக்க வைக்க முயலுங்கள். கட்டடம் பத்து வருடம் கழித்து வரட்டும், மனை இருந்தால் போதும்.

அதுவரை? ஒரு ஷெட், ஒரு வண்டி, ஓய்வறை, கழிப்பறை, தொலைபேசி இருந்தால் தற்காலிக நிலையம் தொடங்கிவிடலாம். பகலில் நெரிசல் நேரத்துக்கு மட்டும் ஒரு வண்டியை ஒரு முனையில் நிறுத்தி வைப்பதும் பலன் தரும். ஆறு மாதம் அப்படி ஓட்டிப் பார்த்தால், நிரந்தர நிலையத்துக்கு அந்த இடம் சரியா என்பதற்கான ஆதாரமும் கிடைத்துவிடும்.

நிலையமே கட்டாமல் செய்யக்கூடியதும் உண்டு. எல்லை பார்க்காமல், அந்த நேரத்தில் மிக அருகில் இருக்கும் வண்டியை அனுப்புவது அதில் முதலாவது. மாவட்ட எல்லையில் இருக்கும் தெருக்களில் இது பெரிய வித்தியாசத்தைத் தரும். சிக்னலில் வண்டிக்கு வழிவிடும் ஏற்பாடு, பூட்டிய அடுக்குமாடி கேட்டுகளின் காவலர்களுக்கு ஒரு பயிற்சி, இருபதாவது மாடிக்கு ஏற ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு அந்தக் கட்டடத்தின் சொந்தத் தீயணைப்புக் குழாய்களைச் சோதித்து வைப்பது ஆகியவற்றையும் திட்டத்தில் தனி அத்தியாயமாக எழுதுங்கள். கட்டடங்களுக்குப் பணம் வராத வருடத்திலும் இந்த அத்தியாயம் நடைமுறைக்கு வரும்.

புதிய நிலையம் திறந்து ஆறு மாதம் ஆனதும் பதிவேடுகளை மறுபடி எடுங்கள். நெரிசல் நேர வரைபடத்தைப் புதிய வேகங்களோடு திரும்பப் போடுங்கள். இன்னும் 7 நிமிடத்தைத் தாண்டும் தெருக்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, அதன் ஒரு பிரதியை நிலைய அலுவலரிடமும் இன்னொன்றை அந்த வார்டு கவுன்சிலரிடமும் கொடுங்கள். அடுத்த வருடம் நிலம் தேட வேண்டிய இடங்கள் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.